ஆம்ப் பிறந்த வருஷம்

“டீச்சர், இது எந்த வருஷம் செஞ்சது?”

“உக்காருங்க ஐயா. இன்னும் சூடாகல.”

இஞ்ஞாசி உட்கார்ந்தார். மனசு மட்டும் உட்காரவில்லை.

தூத்துக்குடியில் ரெஜினா டீச்சர் கிட்டார் சொல்லிக்கொடுக்கும் அந்த மாடி அறையில் ஒரு வழக்கம் உண்டு. டீச்சரின் ஆம்ப்ளிஃபயர் பழைய காலத்து வால்வு வைத்தது. சுவிட்சைப் போட்டவுடன் பாடாது. கண்ணாடிக் குழாய்க்குள் கம்பி சிவந்து சூடேற வேண்டும். அதுவரை, கற்றுக்கொள்ள வந்தவர் யாராக இருந்தாலும் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும்.

இஞ்ஞாசிக்கு அந்த வழக்கம் ஆகவே ஆகாது. ஒரு காலத்தில் கடற்கரை ஊர்களில் இவர் கிட்டார் இல்லாமல் கல்யாண வீடு களைகட்டியதில்லை. பிறகு முப்பது வருஷம் தொடவே இல்லை. எழுபதைத் தாண்டிய பிறகு, விரல் எல்லாவற்றையும் மறந்துபோய், தன் மகள் வயதுள்ள ஒருத்தியிடம் முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார். அதில் இந்தச் சும்மா இருக்கும் தண்டனை வேறு.

போன வாரம்தான் தன் வீட்டு ஆம்ப்பை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து டீச்சரிடம் விட்டிருந்தார். கறுப்புத் தோல் போர்த்திய மரப்பெட்டி. முப்பது வருஷமாகப் பூட்டிய அறையில் கிடந்தது. பாட வைத்துத் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்.

“பாடுது,” என்றார் டீச்சர். “கண்டென்சரெல்லாம் காஞ்சு போயிருந்துச்சு. மாத்திட்டேன். எடுத்துட்டுப் போலாம்.”

“பாடினா சரி. எனக்கு வருஷந்தான் வேணும்.”

“என்னத்துக்கு?”

இஞ்ஞாசி கதவைப் பார்த்தார். யாரும் இல்லை.

“தொபியாஸ்னு ஒருத்தன். கேள்விப்பட்டிருப்பீங்க.”

டீச்சர் கேள்விப்பட்டிருந்தார். இஞ்ஞாசி – தொபியாஸ் என்று ஒரே மூச்சில் சொல்லப்பட்ட இரண்டு பெயர்கள் அவை.

“இந்த ஆம்ப் அவன் மாமா கப்பல்ல கொண்டு வந்து அவனுக்குக் கொடுத்ததுன்னு சொல்லுதான். நான் என்ன சொல்லுதேன்னா, எங்க அப்பா வயலினை வித்து வாங்கினது. அவன்கிட்டதான் கொடுத்து விக்கச் சொன்னேன். ஹார்பருக்குப் போனான், இதோட வந்தான். அது எழுபத்திரண்டு. அவன் மாமா எழுபதுலயே கடலோட போயிட்டாரு.”

“இதுக்காகவா சண்டை?”

“கோயில் வாசல்ல வச்சு என்னைக் களவாணின்னு சொன்னான், டீச்சர். எல்லாரும் கேட்டுட்டு நின்னாங்க. எங்க அம்மா நின்னாங்க.”

முப்பது வருஷத்தில் அந்த ஒரு சொல் மட்டும் பழசாகவே இல்லை.

“இப்ப என்ன வந்துச்சு?”

“அவன் மக போன் பண்ணினா. நெஞ்சுல சளி கட்டிக் கெடக்கானாம். ரொம்ப நாள் தாங்காதாம். என்னைப் பாக்கணுங்கானாம்.”

“போனீங்களா?”

“எப்படிப் போறது? எழுபதுக்கு முந்தி செஞ்சதுன்னா அவன் சொன்னது சரி, நான் போய் மன்னிப்புக் கேக்கேன். பிந்திச் செஞ்சதுன்னா அவன் கேக்கணும்.”

“முந்திச் செஞ்ச பழசைக்கூட ஹார்பர்ல வாங்கியிருக்கலாம்லா?”

“இருக்கட்டும். அப்படின்னாலும் நானே எறங்கிப் போறேன். எனக்கு ஒரு முடிவு வேணும்.”

டீச்சர் எழுந்தார். பெட்டியை மேசை மேல் தூக்கி வைத்துப் பின்பலகையைக் கழற்றினார். உள்ளே தூசி துடைத்திருந்தது. கம்பிகளும் ஈயப் பொட்டுகளுமாக ஒரு வாழ்நாள் சங்கதி அங்கே வெளிச்சத்துக்கு வந்தது.

“வருஷம் படிக்கத் தெரியுமா?”

தெரியும். இந்த ஒரு மாதமாக இஞ்ஞாசி ராத்தூக்கம் கெட்டுப் போனில் பார்த்ததெல்லாம் அதுதான். ஒவ்வொரு சாமானிலும் ஏழு எண் பொறித்திருப்பார்கள். முதல் மூன்று, செய்தவன் யார் என்று. அடுத்த இரண்டு, வருஷம். கடைசி இரண்டு, வாரம்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வால்யூம் கன்ட்ரோலின் முதுகைப் படித்தார்.

“எழுபத்தி நாலு! பெட்டி வந்ததே எழுபத்திரண்டுலலா?”

“ஈயத்தைப் பாருங்க.”

பார்த்தார். மற்ற இடமெல்லாம் மிளகு மாதிரி சின்னச் சின்னப் பொட்டு. அங்கே மட்டும் கட்டி கட்டியாக அப்பியிருந்தது.

“இது ஃபாக்டரி வேலை இல்ல,” என்றார் டீச்சர். “யாரோ மாத்தியிருக்காங்க.”

இஞ்ஞாசி அந்த ஈயக் கட்டியை விரலால் தடவினார்.

“மணப்பாட்டுல ஒரு கல்யாணம். மழை பெஞ்சு பெட்டிக்குள்ள தண்ணி எறங்கிட்டு. பந்தக்காலுக்குக் கீழ குத்த வச்சு அவன்தான் வேற மாட்டி ஈயம் பத்த வச்சான். நான் குடை பிடிச்சேன். கட்டை வெரல்ல சுட்டுக்கிட்டான். அந்த வெரலோட ரா முழுக்க வாசிச்சான்.”

“அப்ப இது ஆகாது. அடுத்தது?”

ஸ்பீக்கரின் விளிம்பில் எழுபத்தி ஏழு.

“இதுவும் மாத்தினதுதான்,” என்றார் இஞ்ஞாசி, டீச்சர் கேட்பதற்கு முன்பே. “மாதா கோயில் திருவிழால நான் சத்தத்தை ஏத்திட்டேன். கிழிஞ்சிட்டு. அவன் மதுரைக்குப் போய், வர்ற வழியெல்லாம் பஸ்ல மடியிலயே வச்சுக் கொண்டு வந்தான். என்னை ஒரு சொல்லு சொல்லல.”

இப்போது அவர் குரலில் கேள்வி கேட்க வந்தவரின் விறைப்பு இல்லை. அதை அவரே கவனித்தார், கவனித்ததும் எரிச்சல் வந்தது.

“கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்?” என்றார் சுருக்கென்று.

“இது அமெரிக்காக் கரண்டுக்குச் செஞ்சது. நம்ம கரண்டுக்காக இங்க யாரோ கையால சுத்திப் போட்டிருக்காங்க. நம்பர் இல்ல.”

“அப்ப ஒண்ணும் மிச்சம் இல்லையா?”

“ஒண்ணு இருக்கு.”

டீச்சர் விரலை நீட்டிக் காட்டினார். ஸ்பீக்கருக்குப் போகும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர். எண் பொறித்த பக்கம் பெட்டியின் உள்தகட்டோடு ஒட்டி இருந்தது. இரண்டு போல்ட்டைக் கழற்றித் திருப்பினால்தான் தெரியும்.

“இதையும் யாரும் மாத்தியிருப்பாங்களோ?”

“நீங்கதான் சொல்லணும்.”

“இல்ல. இதுல யாரும் கை வச்சதில்ல. எனக்குத் தெரியாம இந்தப் பெட்டில ஒண்ணும் நடந்ததில்ல.”

டீச்சர் ஸ்க்ரூ டிரைவரை அவர் கையில் கொடுத்தார்.

“நீங்களே கழட்டுங்க.”

முதல் போல்ட் லேசாக வந்தது. இரண்டாவதில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார்.

“ஒண்ணு கேக்கேன் ஐயா. நம்பர் உங்க பக்கம் இருந்துச்சுன்னா?”

“சொன்னேனே. அவன் வந்து கேக்கணும்.”

“அவரால எந்திரிச்சு வர முடியுமா?”

“சொல்லி அனுப்பட்டும்.”

“அனுப்பலைன்னா?”

இஞ்ஞாசி போல்ட்டைத் திருகவில்லை.

அனுப்ப மாட்டான். தொபியாஸைப் பற்றி இவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. அனுப்ப மாட்டான், இவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் கோயில் மணி துக்கத்துக்கு அடிக்கும். இவர் சொன்னதுதான் சரி என்று அன்றைக்கு யாரிடம் போய்ச் சொல்வது? கேட்க வேண்டியவன் பெட்டிக்குள் இருப்பான்.

ஜெயித்துவிடுவோமோ என்று இஞ்ஞாசிக்கு முதல் முறையாகப் பயம் வந்தது.

டீச்சர் அவர் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கினார். கழற்றி வைத்த போல்ட்டை எடுத்து மறுபடி அதே துளையில் வைத்து இறுக்கினார். பின்பலகையை மூடினார்.

“நம்பர் அவர் பக்கந்தான் இருக்கு,” என்றார்.

“நீங்க பாக்கவே இல்லையே டீச்சர்.”

“ஆட்டோவைக் கூப்பிடட்டுமா?”

இஞ்ஞாசி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலையை ஆட்டினார்.

*

தொபியாஸின் மகள் கதவைத் திறந்தாள். ஒன்றும் கேட்காமல், பெட்டியை ஒரு பக்கம் தானும் பிடித்துக்கொண்டாள்.

தொபியாஸ் கட்டிலில் கிடந்தார். ஆள் பாதியாகி இருந்தார். கண் மட்டும் அதே கண்.

“வந்துட்டியா,” என்றார் தொபியாஸ். முந்தாநாள் பார்த்தவரிடம் கேட்பது போல.

“ம்.”

“அதையும் தூக்கிட்டு வந்திருக்க.”

“ம்.”

இஞ்ஞாசி ஆம்ப்பைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தார். பிளக்கைச் சொருகினார், சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. மகள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

“எலே தொபியாஸ்.”

“சொல்லு.”

“இது ஒன்னோடதுதான். நான்தான் தப்பா நெனைச்சிட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் நம்பர் சொல்லிட்டு.”

தொபியாஸ் பெட்டியின் பக்கம் தலையைத் திருப்பினார். மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

“எந்த டிரான்ஸ்ஃபார்மர்?”

“ஸ்பீக்கருக்குப் போற சின்னது.”

“அதுவா.”

மறுபடி கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டார்.

“அது எரிஞ்சு போச்சுலே. எழுபத்தஞ்சுல. நீ ஒங்க அக்கா கல்யாணத்துக்குக் கொழும்பு போயிருந்த. நான் ஸ்பீக்கர் வயரைச் சொருகாம ஆன் பண்ணி வாசிச்சிட்டேன். பொகை வந்துட்டு. நீ வர்றதுக்குள்ள ஹார்பர்ல ஒரு கப்பல்காரன் காலைப் பிடிச்சு வேற வாங்கி மாட்டினேன். ஒங்கிட்ட சொல்லப் பயம்.”

இஞ்ஞாசி ஆம்ப்பைப் பார்த்தார்.

“அதுல என்ன நம்பர் இருந்தாலும் அது இந்த ஆம்ப்போட வருஷம் இல்லலே,” என்றார் தொபியாஸ்.

இஞ்ஞாசிக்கு டீச்சரின் ஸ்க்ரூ டிரைவர் நினைவுக்கு வந்தது. அந்த இரண்டாவது போல்ட்டைக் கழற்றியிருந்தால்? எவனோ கப்பல்காரனுடைய எண்ணைப் படித்து, அதை நம்பி, வீட்டிலேயே இருந்திருப்பார்.

“நீ நெசமாவே பாத்தியா?”

“பாக்கலலே.”

தொபியாஸின் நெஞ்சு குலுங்கியது. சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. இஞ்ஞாசி அவர் தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தார். கட்டை விரலில் அந்தப் பழைய சூட்டுத் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

இருமல் அடங்கியது. அறையில் ஆம்ப்பின் மெல்லிய ரீங்காரம் மட்டும் கேட்க ஆரம்பித்தது.

அப்படியானால் இது யாருடையது? எங்கிருந்து வந்தது? எங்க அப்பா வயலின் என்னதான் ஆச்சு? கேள்வி இஞ்ஞாசியின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பதில் தெரிந்த ஒரே ஆள் எதிரே கிடக்கிறார். இனி எத்தனை நாள் இருப்பார் என்று தெரியாது.

தொபியாஸும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“கேளு,” என்றார். “கேட்டிரு.”

இஞ்ஞாசி குனிந்து பெட்டியின் பின்பக்கம் பார்த்தார். வால்வுக்குள் கம்பி அப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருந்தது.

நாற்காலியைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

“இருலே,” என்றார். “இன்னும் சூடாகல.”