காக்கை தொடாத சோறு

நம் பாட்டனுக்குப் பாட்டன் பிறப்பதற்கும் முன்னால், கூவளநாட்டை உக்கிரபூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒருவனுக்குப் பல்லக்கைப் பரிசாகக் கொடுப்பார். மாலையில் அதே பல்லக்கை அவனையே தூக்கச் சொல்வார். அப்படி ஒரு குணம்.

மூத்த ராணி செண்பகவல்லி, தேவபூபதி என்ற மகனைப் பெற்றுக் கொடுத்துவிட்டுச் செத்துப்போனாள். பிறகு, போரில் இறந்த தளபதியின் மனைவி முத்தாம்பாளை ராஜா மணந்தார். அவள் தன் முதல் புருஷனுக்குப் பிறந்த மகள் இளநாச்சியையும் அழைத்து வந்தாள். அந்தப் பெண் ராஜாவை அப்பா என்றே கூப்பிட்டு வளர்ந்தாள்.

ஒருநாள் ராஜாவுக்கு மார்வலி வந்தது. அன்றே உயில் ஓலை எழுதி, செப்புக் குழலில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் சொல்லவில்லை. எல்லாரும் தன் முகத்தைப் பார்த்துத் தவிப்பது அவருக்குப் பிடித்திருந்தது.

அதிகம் தவித்தவர் மாவலிராயர். மூத்த ராணியின் தம்பி. அக்காள் படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத மனிதர், அவள் செத்தபின் அவள் பெயரைச் சொல்லியே சபையில் முதல் இடம் பிடித்தார். இப்படி ஒருவர் எங்கள் குடும்பத்திலும் இருந்தார். பெயர் வேண்டாம்.

மூத்த ராணியின் திவசம் வந்தது. ஆற்றங்கரைப் புன்னைமரத்தின் கீழ் பாறைமேல் சோற்று உருண்டை வைத்தார்கள். காக்கை வந்து தொட்டால்தான் செத்தவள் பசி ஆறும்.

காக்கை வரவில்லை. வானத்தில் ஓர் இறகு அசையவில்லை. உச்சி வெயிலில் ஆறுகூடச் சத்தமில்லாமல் போனது. சோறு காய்ந்து நடுவில் பிளந்தது. யாரோ பேச வாய் திறந்ததுபோல இருந்தது அந்தப் பிளவு.

குடைக்குள் நின்றிருந்த மாவலிராயர் மெதுவாகச் சொன்னார்: "அத்தான், அக்காவுக்குக் கோபம். யாரோ பெற்ற பெண்ணுக்கு நீங்கள் உயிலில் பங்கு எழுதியிருப்பீர்கள். ஓலையைக் கிழியுங்கள். காக்கை வரும்."

"அம்மா பட்டினி கிடக்கட்டும், உங்களுக்குப் பங்குதான் பெரிதா மாமா?" என்றான் தேவபூபதி.

"உனக்காகத்தான் பேசுகிறேன், மருமகனே."

"நான் கேட்கவில்லையே."

இளநாச்சி வந்து ராஜாவின் கையைப் பிடித்தாள். "அப்பா, பெரியம்மா பசியோடு போக வேண்டாம். கிழித்துவிடுங்கள். அம்மாவும் நானும் எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்கிறோம்."

"நாளைக்கு இங்கேயே கிழிக்கிறேன்" என்றார் ராஜா. அவள் கையை விட்டுவிட்டார்.

மந்திரி சொக்கப்பர் உழவர் வீட்டுப் பிள்ளை. சோளக்கொல்லைக்குக் காக்கை வராமலிருக்க என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். எல்லாரும் போனபின் மரத்தில் ஏறிப் பார்த்தார். இலைக்குள்ளே ஒரு செத்த காக்கை தலைகீழாகக் கட்டியிருந்தது. தலையில் கவண்கல் அடி. அவிழ்த்து எடுத்துப் பானைக்குள் வைத்து மூடினார். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் ராஜா குழலை எடுத்தபோது மந்திரி குறுக்கிட்டார்.

"மகாராஜா, ராணியம்மாவின் கோபம் யார்மேல் என்று அவர்களே காட்டட்டும். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய் ஒரு பிடி சோறு வைக்கட்டும். குடை கூடாது, தலைப்பாகை கூடாது."

"எனக்கு வெயில் ஆகாது" என்றார் மாவலிராயர்.

"மேகம் மூடியிருக்கிறதே ராயரே?"

குடையை மடக்கச் சொல்லி ராஜா கையை அசைத்தார்.

முதலில் இளநாச்சி போனாள். "பெரியம்மா, சாப்பிடுங்கள்" என்றாள். மரத்திலிருந்து ஏழு காக்கைகள் இறங்கின. ஒன்றுகூடக் கத்தவில்லை. அவள் விரலுக்குப் பக்கத்திலேயே நின்று தின்றன. தேவபூபதி வைத்ததையும் தின்றன.

பிறகு மாவலிராயர் வெறுந்தலையோடு போனார். ஒரு காக்கை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது. வாயிலிருந்த சோற்றைக் கீழே போட்டது. ஒருமுறை கத்தியது.

எங்கிருந்து வந்தனவோ, புன்னைமரம் கறுத்துப்போனது. அவர் தலைக்குமேல் வட்டம் போட்டன. வட்டம் சிறிதாகிக்கொண்டே வந்தது. முதல் கொத்து நெற்றியில் விழுந்தது. தானே செய்த சூது என்பதையும் மறந்து அவர் மண்டியிட்டார்.

"அக்கா, விட்டுவிடு. காக்கையை நான்தான் கொன்றேன். மரத்தில் கட்டியதும் நான்தான்."

மந்திரி பானையைத் திறந்து காட்டினார். "தன் இனத்தைக் கொன்றவன் முகத்தைக் காக்கை மறக்காது, மகாராஜா. அதனால்தான் ராயர் குடைக்குள் ஒளிந்திருந்தார்."

ராஜா பாறையைக் காட்டினார். "அது சரி. இந்தப் பெண் சோறு வைத்தபோது ஏன் ஒன்றும் கத்தவில்லை?"

"எனக்குத் தெரியாது" என்றார் மந்திரி.

ராஜா இளநாச்சியின் தலையில் கை வைத்தார். பிறகு, "சொக்கப்பரே, என்ன பரிசு வேண்டும்?" என்றார்.

"உயிலைப் படியுங்கள். இப்போதே, எல்லார் முன்னிலையிலும். நீங்கள் வாய் மூடி இருந்ததால்தான் செத்தவர்களைப் பேசவைக்கப் பார்த்தார்கள். உங்கள் காலத்துக்குப் பிறகு கேட்டால், பதில் சொல்ல நீங்கள் இருக்கமாட்டீர்கள்."

முத்திரையை உடைத்து ராஜா படித்தார். நாடு தேவபூபதிக்கு. ஆலங்குளமும் அங்குள்ள மாளிகையும் இளநாச்சிக்கு. முத்தாம்பாள் உயிருள்ளவரை அரண்மனையில் ராணியாகவே இருப்பாள். கடைசி வரியில் குரல் நின்றது.

"செண்பகவல்லி சீதனமாகக் கொண்டுவந்த ஏழு ஊர்களும் அவள் தம்பி மாவலிராயருக்கு."

நெற்றியில் ரத்தம் வழிய மாவலிராயர் தலை தூக்கினார். "அத்தான்..."

"இதைத்தானே கிழிக்கச் சொன்னீர்?"

ராஜா எழுத்தாணியை எடுத்தார். எழுத்து ஒன்று விடாமல், அந்த ஒரு வரியை மட்டும் சுரண்டினார். ஓலை கீறும் சத்தம் கரை முழுவதும் கேட்டது. மேலே காக்கைகள் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தன.