தெப்பக்குளத்து ராஜமலர்

தப்பாகச் சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்கிற பயம் பொன்னுருவிக்கு எப்போதும் உண்டு. கனகமாற ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிறவள் அவள். சொல்லாவிட்டால் நெஞ்சு அடைக்கும்; சொன்னால் தலை போகும். அன்றைக்குச் சபையில் வாய் முந்திக்கொண்டது.

“இது பூ இல்லை மகாராஜா, களை!”

மந்திரி அகோரமூர்த்தி கப்பல் வணிகனிடம் வாங்கிவந்த ஊதாப் பூச்செடி அது. ‘தேவலோகத் தாமரை’ என்று அவர் அளக்க, ராஜா மயங்கிப்போய்த் தெப்பக்குளத்தில் விட்டார். பிடுங்கினால் கையை வெட்டுவதாக முரசும் அறைந்தார். இப்போது குளம் முழுக்கப் பச்சைப் பாய். மீன் செத்து நாறியது. பெண்கள் குடமும் கையுமாகத் தண்ணீரைத் தேடினார்கள்.

“களையா?” ராஜா சீறினார். “தெப்பத் திருவிழாவுக்குள் தெப்பம் ஓடத் தண்ணீர் தெரியணும். ஒரு செடியையும் பிடுங்கக் கூடாது. இல்லையானால் உன் தலை!”

மந்திரி மீசைக்குள் சிரித்தார். “வெற்றிலைக்காரிக்கு நல்ல வேலை!”

பொன்னுருவி வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தாள்.

“பிடுங்குவானேன் மகாராஜா? தாமரைக்குச் சேற்றில் வேர் இருக்கும். இது காம்பில் காற்றை அடைத்துக்கொண்டு சும்மா மிதக்கிறது. அண்டாவில் மொண்டுவிடலாம்.”

“மொண்டு எறிவாயோ? என் பூவை?”

“ஐயையோ! இதைப் புகழ்ந்த பெரியவர்கள் வீட்டுக் கிணறுகளில் மேளதாளத்தோடு விடலாம். முதல் அண்டா மந்திரியாருக்கு.”

ராஜாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. தாமே யானைமேல் முன்னே போனார். மந்திரியோ, தம் வீட்டுக் கிணற்றின் குறுக்கே கையை விரித்து நின்றார்.

“வேண்டாம் மகாராஜா! குடிக்கிற தண்ணீர்! ஒரு துண்டு விழுந்தாலே கிணறு மூடிவிடும்!”

“அட, இவ்வளவு தெரியுமா!” என்றாள் பொன்னுருவி. “ஊர் குடிக்கிற குளத்துக்கு மட்டும் தேவலோகமா, மந்திரியாரே?”

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். குளத்தில் விட்ட கை யாருடையது என்பதை அவர் மறந்துவிட்டார். நினைவூட்ட யாருக்கும் பைத்தியம் பிடித்திருக்கவில்லை. ராஜா ஆணையிட, மந்திரியே குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, வேர்த் துணுக்கும் தங்காமல் வாரிக் கரையில் காயப்போட்டார். தெப்பம் ஓடியது.

ராஜா கடைசிச் செடியைத் தங்கச் செம்பில் வைத்து நீட்டினார். “பொன்னுருவி, உனக்குப் பரிசு!”

பொன்னுருவி அதைத் தலையில் வைத்து வணங்கி வீட்டுக்குக் கொண்டுபோனாள். கூரைமேல் மொறுமொறுவென்று காயவிட்டாள். அடுப்பில் எரித்தாள். அப்போதும் சந்தேகம் தீராமல், அந்தச் சாம்பலாலேயே தங்கச் செம்பைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள்.