கோமதிநாயகத்தோட கை

கண்ண மூடிக்கோ கண்ணு. "ம்" மட்டும் சொல்லிக்கிட்டே வா.

தென்காசிக்குக் கெழக்க ஒரு ஊர்ல ஒரு மேஜிக்காரரு இருந்தாரு. பேரு கோமதிநாயகம். மேடையில பெட்டிய வச்சு ஆள ரெண்டா அறுப்பாங்கள்ல, அந்த மேஜிக் இல்ல. அவருக்கு மேடையே கெடையாது. கல்யாண வீட்டுல பந்திக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்கல்ல, அவங்க கிட்டக்க வந்து நிப்பாரு. "கைய நீட்டுங்க அண்ணாச்சி"ம்பாரு. உள்ளங்கையில ஒரு காச வச்சு மூடி, ஃபூன்னு ஊதுவாரு. தொறந்தா காசக் காணோம்! மல்லிகை மொட்டு இருக்கும். மூக்குக்கு நேரா நடக்கும், ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியாது.

காலையில எந்திரிச்சதும் விரலுக்கு எண்ணெ தேச்சு, ஒவ்வொண்ணா மடக்கி நீட்டுவாரு. தண்ணி வாளி தூக்க மாட்டாரு, வெறகு ஒடைக்க மாட்டாரு. "மகாராசா கை"ன்னு அவரு பொஞ்சாதி ஆவுடை கேலி பண்ணுவா. ஆனா அந்தக் கைய வச்சுத்தான் வீட்டுல ஒல கொதிச்சுது.

ம் சொல்லு. ஆங்.

அந்த ஊர்ல அரிசி மில்லுக்காரரு வீடுன்னா பெரிய வீடு. அந்த வீட்டுப் பையன் மருதப்பனுக்கு நிச்சயதார்த்தம். பொண்ணு பேரு வடிவு. அம்மா இல்லாத புள்ள. அப்பாவுக்குப் பெரிய எடத்துச் சம்பந்தம்னு ஒரே பெருமை. அங்க பரிமாற வந்தவரு ஒருத்தரு மாப்பிள்ளை வேட்டியில தண்ணியச் சிந்திட்டாரு. பளார்! எல்லாரு முன்னாடியும் அவரு கன்னத்துல ஒண்ணு விட்டான் மருதப்பன். எல்லாரும் பாக்காத மாதிரி இருந்துட்டாங்க. வடிவு பாத்துட்டா.

அப்புறம் கோமதிநாயகம் பொண்ணுகிட்ட வந்தாரு. "கைய நீட்டு தாயி." கை சில்லுன்னு இருந்துது. காச வச்சு மூடினாரு, ஃபூன்னாரு, காசு போயிருச்சு. அப்போ அந்தப் புள்ள அவருக்கு மட்டும் கேக்குற மாதிரி சொல்லிச்சு: "என்னயும் இப்படி மறைய வச்சிருங்க அண்ணாச்சி."

அவரு வெளையாட்டுன்னு நெனச்சாரு. "உனக்குப் பெரிய பெட்டில்ல வேணும்!"னு சத்தமாச் சொன்னாரு. எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. அந்தப் புள்ள சிரிக்கல.

அப்புறம் கல்யாணம் ஆச்சு. தலைதீபாவளி வந்துது. பொண்ணு வீட்டுக்குப் போகணும்ல? போக விடல. மில்லுக்காரரு வீட்டுலயே விருந்து. அங்கயும் கோமதிநாயகத்தக் கூப்ட்டாங்க. மறுபடி வடிவு கையில காச வச்சாரு. வளையலு கொஞ்சம் மேல ஏறுச்சு. மணிக்கட்டச் சுத்திக் கன்னங்கரேல்னு கன்னிப் போயிருக்கு. இந்தத் தடவ அந்தப் புள்ள ஒண்ணும் கேக்கல. கைய இறுக்கி மூடிக்கிட்டு தொறக்கவே மாட்டேங்குது. "விரிக்கச் சொன்னா விரிக்க மாட்டியா?"ன்னு மருதப்பன் விரல வெடுக்குன்னு பிரிச்சு விட்டான். மல்லிகை மொட்டு கீழ விழுந்துச்சு. எல்லாரும் படபடன்னு கை தட்டுனாங்க.

கோமதிநாயகம் கும்பிடு போட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. பாத்தத ஆவுடைகிட்ட சொன்னாரு. "பெரிய எடம். நமக்கு எதுக்கு?"ன்னா அவ. அவரும் சரின்னுட்டாரு.

தூங்கிட்டியா? இல்லையா? சரி, கேளு.

அப்புறம் வடிவ ஊர்ல யாரும் பாக்கல. கோயில்ல இல்ல, கடைத்தெருவுல இல்ல. ராசபாளையத்துல இருந்து அதோட அக்கா வந்தா, "ஒடம்பு சரியில்ல"ன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. அப்போதான் வளைகாப்பு வந்துது. மூணாவது தடவையா அவரு அந்த வீட்டுக்குள்ள போனாரு.

வயித்துல புள்ளையோட வடிவு மணையில உக்காந்திருக்கு. ஒதடு வீங்கியிருக்கு. யாரோ கேக்க, "குளிக்கிற எடத்துல வழுக்கிருச்சு"ன்னா மாமியார்க்காரி. "பிரசவமும் இங்கயேதான், எங்கயும் அனுப்புறதா இல்ல"ன்னும் சொன்னா. அவ இடுப்புல ஒரு சாவிக்கொத்து, நடந்தா கிலுங் கிலுங்னு கேக்கும். பாத்திரம் எடுக்க கொல்லைக் கதவத் தொறந்துட்டுத் திரும்பப் பூட்டுனா. அது எந்தச் சாவின்னு கோமதிநாயகம் பாத்துக்கிட்டாரு. நீளமானது, தலை வட்டமா இருந்துது.

அவரு இத்தன வருசத்துல அடுத்தவங்க பொருள எடுத்து ஒரு நாளும் கொண்டுபோனது இல்ல. எடுப்பாரு, சிரிக்க வைப்பாரு, திருப்பிக் குடுத்துருவாரு.

மாமியார்கிட்ட போனாரு. "அம்மா, முந்தானையில என்ன ஒளிச்சு வச்சிருக்கீங்க?"ன்னு ஒரு எலுமிச்சம்பழத்த எடுத்தாரு. இன்னொண்ணு! இன்னும் ஒண்ணு! பொம்பளைங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. மாமியாரும் சிரிக்கிறா. அந்தச் சிரிப்புக்குள்ள வட்டத்தலைச் சாவி அவரு கைக்கு வந்துருச்சு. கொத்து அப்படியே இடுப்புல ஆடுது.

அப்போ வடிவுகிட்ட வந்தாரு. "கைய நீட்டு தாயி." காசு வைக்கிற மாதிரி சாவிய வச்சு விரல மூடினாரு. அந்தப் புள்ளைக்குக் கைக்குள்ள என்னன்னு தெரிஞ்சுபோச்சு. அவரு மொகத்த ஒரு தடவ பாத்துச்சு.

"விரி, பாப்போம்"னு பின்னாடி ஒரு கொரலு. மருதப்பன்!

கோமதிநாயகம் மொழங்கை வளையல் தட்டுல பட்டுது. சலசல சலசலன்னு அவ்வளவு கண்ணாடி வளையலும் தரையில கொட்டிருச்சு. எல்லாரும் கீழ குனிஞ்சாங்க. நிமுந்து பாத்தா வடிவு கைய விரிச்சு வச்சிருக்கு. உள்ள அவரு சாவியோட சேத்து வச்ச மொட்டுதான். சாவி சேலை மடிப்புக்குள்ள போயிருச்சு.

மத்தியானம் எல்லாரும் பந்தியில உக்காந்தப்போ, சேலை மாத்திட்டு வர்றேன்னு உள்ள போன வடிவு, கொல்லைக் கதவத் தொறந்து நேரா மெயின் ரோட்டுக்குப் போய் பஸ் ஏறிருச்சு. அக்கா வீட்டுக்குப் போய்ச் சேந்துருச்சு. அங்கதான் பொம்பளப் புள்ள பொறந்துது.

ஆனா கோமதிநாயகம் பஸ் ஏறல கண்ணு. கூட்டிப் பெருக்கும்போது கதவுல சாவி தொங்குறதப் பாத்தாங்க. யாரு கை அதுன்னு யோசிக்கவா வேணும்? அவரப் பிடிச்சு மில்லுக்குள்ள இழுத்துட்டுப் போனாங்க. "எங்கடா போனா?" அவரு வாயத் தொறக்கல. வலது கையக் கதவு நெலையில வச்சாங்க. டமார். திரும்ப, டமார். "வெளிய சொன்னே, அந்தக் கையும் போயிரும்"னான் மருதப்பன்.

ம்... பயப்படாத. கையப் பிடிச்சுக்கோ.

எலும்பு கூடுச்சு, ஆனா விரல் நாலும் நாலு பக்கமாப் போயிருச்சு. ஒரு காசக் கூட பிடிக்க முடியல. கல்யாண வீடுகளுக்கு வேற ஆளு போக ஆரம்பிச்சான். ஆவுடை பூ கட்டி வித்தா. சோத்தப் பெசஞ்சு அவளே ஊட்டி விடுவா. "நான்தான் அப்பவே நமக்கு எதுக்குன்னு கேட்டேனே"ன்னு அழுவா. "மொத தடவையே அந்தப் புள்ள கேட்டுச்சு ஆவுடை. நான் சிரிக்க வச்சுட்டேன்"ம்பாரு அவரு.

மருதப்பனுக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறியா? ஒண்ணும் ஆகல. அடுத்த ஆவணிக்குள்ள வேற பொண்ணு பாத்து, தாம்பூலத் தட்டும் அனுப்பிட்டாங்க. சுரண்டையில கணபதியான்னு ஒருத்தரு, அவரு மக செண்பகம். மொத பொண்டாட்டிக்குப் புத்தி சரியில்ல, அத்து விட்டாச்சுன்னு சொல்லியிருந்தாங்க. டீக்கடையில இது கோமதிநாயகம் காதுல விழுந்துது. அவரு இடது கையப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் சட்டையப் போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டாரு.

கணபதியா வீட்டுல எல்லாரும் இருந்தாங்க. "யாரு நீங்க?"

"கல்யாண வீட்டுல மேஜிக் காட்டுறவன் அண்ணாச்சி. இப்போ காட்டுறதுக்கு ஒண்ணுமில்ல. இத மட்டும் கிட்டக்க வந்து பாருங்க." வலது கைய மேசை மேல வச்சாரு. நடந்தத எல்லாம் சொன்னாரு. வடிவு மணிக்கட்டு, வீங்குன ஒதடு, மில்லுக் கதவு, எல்லாம்.

கணபதியா நம்பவும் முடியாம, நம்பாம இருக்கவும் முடியாம முழிச்சாரு. "பெரிய எடம்..."னு இழுத்தாரு. அப்போ உள்ள இருந்து செண்பகம் வந்துச்சு. அவரு முன்னாடி உக்காந்து, அந்தக் கையத் தூக்கித் தன் மடியில வச்சு, ஒவ்வொரு விரலா தொட்டுப் பாத்துச்சு. சுண்டுவிரல் வரைக்கும் பாத்துச்சு.

"அப்பா, அந்தத் தாம்பூலத் தட்டத் திருப்பி அனுப்பிருங்க"ன்னுச்சு.

தட்டு திரும்பிப் போச்சு. கதையும் போச்சு. வெளக்க அணைக்கட்டுமா? நீ தூங்கு.