பைரவர் வாசல் உண்ணி

முள்வாங்கியின் முனை நாயின் காது மடலுக்குள் இறங்கியது. வேம்பாயி அம்மையார் மூச்சை அடக்கிக்கொண்டார். ஊறிய ஆமணக்கு விதைபோல் ரத்தம் குடித்து உப்பிய உண்ணிகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கால்களை ஆட்டின. சீழ் நாற்றம் முகத்தில் அடித்தது. முகத்தைத் திருப்பி ஓங்கரித்தார்; வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

கருங்கானூர் பைரவர் கோயில் வாசலைக் கூட்டுபவர் அவர். ஐயன் பைரவரின் ஊர்தி என்று தெருநாய்களுக்கெல்லாம் உண்ணி எடுப்பதே அவர் வழிபாடு. பிறகு குளித்து, தூணோரம் நின்று ஐயன் முகத்தை ஒருமுறை பார்ப்பார். அது போதும் அவருக்கு.

அன்று தேய்பிறை அஷ்டமி. உச்சிவேளை கடந்தும் குருக்கள் கருவறைக் கதவைத் திறக்கவில்லை. "இருங்கோ" என்ற நடுங்கிய குரல் மட்டுமே உள்ளிருந்து வந்தது. வாசலில் கூட்டம் முணுமுணுத்தது.

"வாசல்ல இந்த அசிங்கம் நடந்தா சாமி எப்படி முகம் காட்டும்?" தர்மகர்த்தா மாசிலாமணி மூக்கைப் பொத்தினார். "ஏ உண்ணியம்மா, எந்திரி. இனிமே கோயிலுக்குள்ள நீ காலே வைக்கக் கூடாது."

அம்மையார் நிமிர்ந்து சாத்திய கதவைப் பார்த்தார். ஐயன் முகம் இனி இல்லையா?

"போயிடுறேங்க. ஒண்ணே ஒண்ணு பாக்கி. பாதியில விட்டா வாய் உள்ளயே தங்கிப் புண்ணாயிடும்."

"கற்பூரத்தக் கொளுத்திக் காட்டு, தானா விழும்."

"சுட்டா குடிச்சதை எல்லாம் உள்ளயே கக்கிருங்க."

"உனக்கு அருவருப்பே கிடையாதா?"

"இருக்குங்க. காலையில குடிச்ச கஞ்சிகூடத் தங்கல."

தோலை ஒட்டி உண்ணியின் வாயருகே பிடித்தார். வயிற்றை நசுக்காமல், திருகாமல், நேராக மெல்ல இழுத்தார். முழுசாக வந்தது. சோப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டார். கடிவாயைக் கழுவி மஞ்சள் வைத்தார். கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவினார்.

நாய் உடம்பை உதறியது. கூட்டம் அருவருத்து விலக, உள்ளே பாய்ந்தது. சாத்திய கதவருகே மாயமாகிவிட்டது.

கதவு திறந்தது. வியர்த்து வழிய ஓடிவந்த குருக்கள், அம்மையாரின் ஈரக்கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வாங்கோம்மா. முதல் தரிசனம் உங்களுக்குத்தான்."

"இவ்வளவு நேரம் ஏன் சாமி தொறக்கல?" என்றார் மாசிலாமணி.

"எப்படித் தொறப்பேன்? காலையில உள்ளே போனா பைரவர் தனியா நிக்கறார். பக்கத்துல, அதே கல்லுல செதுக்கின நாயைக் காணோம். இப்பத்தான் வந்து நிக்கறது. காதுல மஞ்சள்."

ஓங்கரித்துக்கொண்டே தொண்டு செய்த அந்தக் கைகள் வாழ்க.