வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி

குங்கிலியமும் சாம்பிராணியும் ஒன்றுதான் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். மற்ற விஷயங்களில் அவர்கள் நல்லவர்களாகவே இருக்கக்கூடும். இந்த ஒன்றில் மட்டும் அவர்களை மன்னிக்க வழியில்லை. அது ஒரு மரத்தின் பிசின், இது வேறொரு மரத்தின் பிசின். அது கண்ணைக் கரிக்கும், இது தொண்டையில் இனிக்கும். அகில் பிசினே அல்ல, கட்டை. கற்பூரத்தையும் இவற்றோடு சேர்த்துப் பேசுகிறவர்களைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை.

இந்த வித்தியாசங்களுக்காக முப்பத்துநாலு வருஷம் வாடிக்கையாளர்களோடு சண்டை போட்டவர் சிவக்கொழுந்து. தென்காசிப் பக்கம் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். சாம்பிராணி கேட்டு வந்தவர், வீட்டுக்கா கோயிலுக்கா என்று சொல்லாவிட்டால் பொட்டலம் கட்டமாட்டார். மனைவி ஆவுடையம்மாள் இறந்த பிறகு கடையை மகனிடம் விட்டுவிட்டு, அறுபத்துமூன்றாம் வயதில் ஆற்றங்கரை மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடத்துக்குத் தலைவி உமையாள் அம்மா. அவருக்கு அப்போது நாற்பத்தொன்று. குருவைவிடச் சீடர் இருபத்திரண்டு வயது மூத்தவர். இவர் 'அம்மா' என்பார், அவர் 'ஐயா' என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை.

வந்த அன்று அம்மா கேட்டார். "ஐயாவுக்கு என்ன தெரியும்?"

"புகை தெரியும்."

"அப்ப அதையே போடுங்க."

அன்று முதல் தூபக்கால் அவர் கைக்கு வந்தது. காலையில் அகில், உச்சிப் பூசைக்குச் சாம்பிராணி, மாலையில் குங்கிலியம். மடத்தில் ஒரு விதி உண்டு. சிவனுக்குக் காட்டி முடிக்கும்வரை தூபம் போடுகிறவர் வாயும் மூக்கும் மறையத் துணி கட்டியிருக்க வேண்டும். முகர்ந்த பூ சாமிக்கு ஆகாது அல்லவா, முகர்ந்த புகையும் ஆகாது. இது எந்த ஆகமத்தில் இருக்கிறது என்று யாரும் தேட வேண்டாம். மடத்தை நிறுவியவருக்குத் தும்மல் அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு.

சிவக்கொழுந்து விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். வெள்ளிக்கிழமை உச்சிப் பூசை மட்டும் விலக்கு.

ஆவுடையம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாள். பிறகு கனல் சட்டிமேல் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் கூந்தலை விரித்துப் புகை காட்டுவாள். சாம்பிராணியோடு காய்ந்த நாரத்தைத் தோலையும் கிள்ளிப் போடுவாள். அதைக் கண்டுபிடித்த அன்று சிவக்கொழுந்து சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

"ஊருக்கெல்லாம் சுத்தச் சரக்கு விக்கிறேன். என் வீட்டுலயே கலப்படமா?"

"உங்க சுத்தச் சரக்கு சாமிக்கு. இது என் தலைக்கு" என்றாள் அவள். தோல் போடுவதை நிறுத்தவில்லை. இவரும் திட்டுவதை நிறுத்தவில்லை. இருபத்தேழு வருஷம்.

இப்போது அந்த வாசனை வேண்டியிருந்தது. இன்னும் ஒரு தடவை. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை உச்சியில், கருவறைக்குப் போகும் முன், தூணுக்குப் பின்னால் ஒதுங்குவார். மடியிலிருந்து நாரத்தைத் தோலை எடுத்துக் கனலில் போடுவார். துணியை இறக்கிவிட்டுக் குனிந்து முதல் புகையை இழுப்பார். கரி நாறும், தோல் கருகும், சாம்பிராணி மணக்கும். ஆவுடையம்மாள் மட்டும் வரமாட்டாள். அடுத்த வாரம் தோலைக் கூட்டிப் பார்ப்பார், அதற்கடுத்த வாரம் குறைத்துப் பார்ப்பார். இப்படியே ஏழு மாதம் போனது.

மடைப்பள்ளிச் சமையல்காரர் குற்றாலலிங்கம் ஒருநாள் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தார். உள்ளே ஊறுகாய்க்கு வாங்கிவைத்த நாரத்தங்காய்கள். பாதி, தோல் இல்லாமல் வெளுத்துக் கிடந்தன.

"எலியாம்மா இது? எலிக்கு இவ்வளவு நேர்த்தியா உரிக்கத் தெரியுமா? என் சம்சாரத்துக்கே தெரியாது."

சிவக்கொழுந்து பக்கத்தில்தான் அகில் சீவிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நீங்க பாத்தீங்களா அந்த எலிய?"

"பாத்தேன்" என்றார் சிவக்கொழுந்து. "நான்தான்."

குற்றாலலிங்கத்துக்கு அதற்குமேல் கிண்டல் வரவில்லை. கூடையை வைத்துவிட்டுப் போனார். சிவக்கொழுந்து எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் கேட்டார்.

"நான் மோந்த புகையைத்தான் வாராவாரம் சாமிக்குக் காட்டியிருக்கேன். அது எச்சில்தானேம்மா? எச்சில்னா சொல்லுங்க, விட்டுடுதேன். அந்த வாசனை வராட்டியும் பரவாயில்ல."

பரவாயில்லை என்று அவர் சொன்ன விதத்தில் அது பொய் என்று தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை பார்ப்போம்" என்றார் அம்மா.

வெள்ளிக்கிழமை உச்சியில் அம்மாவே முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு தூபக்காலையும் கொஞ்சம் நாரத்தைத் தோலையும் கையில் எடுத்தார்.

"ஐயா, நீங்க செருப்பைப் போட்டுக்கிட்டு வெளிவாசல்ல போய் நில்லுங்க."

"வாசல்ல எதுக்கும்மா?"

"கடையிலேர்ந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வர்றீங்க."

சிவக்கொழுந்து போய் நின்றார். வெயில் தலையில் இறங்கியது. முதலில் சாம்பார் வாசனை வந்தது. ஒரு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. புழுதி அடங்கியதும் ஆற்றுப் பக்கம் திரும்பி, குளிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு நிற்கிறோம் என்பதே கொஞ்சம் மறந்திருந்தது.

பிறகு என்ன நடந்தது என்று அவரால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. செருப்பை எப்போது கழற்றினார், முற்றத்தை எப்போது தாண்டினார் என்று தெரியவில்லை. கருவறை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே பார்த்து, "சோறு ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் அரை மணி நேரம் ஆகும் அண்ணாச்சி" என்று மடைப்பள்ளியிலிருந்து குரல் வந்தது.

அம்மா துணியை அவிழ்த்தார். தூபம் காட்டி முடிந்திருந்தது.

"வந்துச்சா?"

"பாதி."

"மீதி?"

"மீதி அவ தலை ஈரத்துல இருந்துச்சு."

அம்மா தூபக்காலைக் கீழே வைத்தார். சிவக்கொழுந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏழு மாசம் நெருப்புக்கு மேலேயே குனிஞ்சு கிடந்தேன். ஒரு தடவைகூட வரல."

"நெருப்புகிட்ட இருந்தது அவங்க. நீங்க தெருவுலேர்ந்து வந்தவர்."

புகை மெதுவாக முற்றத்தைக் கடந்து வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. எச்சிலா, இல்லையா?"

"சாமிக்கு எதுக்காகப் புகை காட்டுறோம் ஐயா?"

"மணம் பிடிக்கும்னுதான்."

"எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து காட்டுறோம். பிடிக்குதுன்னு அவர் ஒரு வார்த்தை சொன்னதில்ல." அம்மா கனலை ஊதிச் சாம்பலை விலக்கினார். "வெளியே போனவங்களுக்கு வீடு எதுன்னு தெரிய வேண்டாமா?"

சிவக்கொழுந்து வாசலைப் பார்த்தார். அவருடைய செருப்புகள் திசைக்கொன்றாகக் கிடந்தன.

"போனவங்க வருவாங்களாம்மா?"

"நான் உள்ளே புகை போட்டுட்டு நின்னவ. நடந்து வந்தவர் நீங்க. நீங்கதான் சொல்லணும்."

சிவக்கொழுந்து தூபக்காலை எடுத்துக்கொண்டு போய்ச் சாம்பலைத் தட்டிவிட்டு, மாலைக்குக் குங்கிலியம் உடைக்க உட்கார்ந்தார்.

அந்த வருஷத்திலிருந்து மடத்தில் நாரத்தங்காய் வாங்கினாலும் ஊறுகாய் போடுவதில்லை. தயிர்ச்சோற்றுக்கு மாவடுதான்.