துடிச்சி மடியில் கட்டிய வெல்லம்

அந்தக் காலத்தில் உடம்பு என்று ஒன்று கூடி வரவில்லை. கண், கால், ஈரல், இதயம் எல்லாரும் தனித்தனி ஆளாக ஒரே ஊரில் குடியிருந்தார்கள். வாய்ச்சண்டைக்கும் குறைச்சல் இல்லை. ஊருக்கு நடுவே செங்கான் ஓடினான். அவன்தான் ரத்த ஆறு. ஆறு தானாக ஓடிவிடுமா? துடிச்சி என்ற இதயக்காரி ராப்பகலாகத் தன் நூறு கைகளால் தள்ளித் தள்ளி விட்டதால் ஓடினான்.

பதிலுக்குத் துடிச்சி வீட்டு வாய்க்கால் வழியாக நெய்யும் காற்றும் கொண்டுவந்து தருவது அவன் பொறுப்பு. அவள் நெய்யை அடுப்பில் எரிப்பாள். அந்தச் சூட்டில்தான் அவள் கைகள் ஓடும்.

செங்கான் முறைக்கு அவளுக்கு மாமன். "ஒரு பொட்டச்சி தள்ளி நான் ஓடுறதா?" என்று அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் அவள் வாய்க்காலை அடைத்துவிட்டான்.

"கால்ல விழு. திறந்துவிடுறேன்."

துடிச்சி விழவில்லை. வேலையையும் குறைக்கவில்லை. இருந்த நெய்யை அள்ளி அள்ளி அடுப்பில் கொட்டினாள். அங்கேதான் தப்புச் செய்தாள். நெய்த்தீக்குக் காற்று ஏராளமாக வேண்டும், காற்றோ வரவில்லை. புகைதான் மண்டியது. கைகள் விறைத்தன, உயிர் போகிற வலி. அவள் அழவில்லை. கத்தித் திட்டினாள். அந்தச் சத்தம் தோள், இடது கை, தாடை ஆகியோர் வீடு வரைக்கும் போய் அதிர்ந்தது. செங்கான் மிரண்டு போய்த் திறந்துவிட்டான்.

"சும்மா விளையாட்டுக்குடி" என்று இளித்தான்.

அந்த இளிப்பைப் பார்த்ததுமே இவன் மறுபடியும் அடைப்பான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நேரே பக்கத்து வீட்டு ஈரலாயியிடம் போனாள். ஈரலாயி வீட்டில் எப்போதும் வெல்லம் இருக்கும்.

"நெய்யில வளந்தவளுக்கு இது எந்த மூலைக்கு?" என்றாள் ஈரலாயி.

"சூடு கம்மிதான் அத்தை. ஆனா காத்து இல்லாமலே கொஞ்ச நேரம் எரியும். எனக்கு அது போதும்."

வெல்லத்தை மடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

நினைத்தபடியே அவன் அடைத்தான், திறந்தான், மறுபடி அடைத்தான். ஒவ்வொரு தடவையும் அவள் ஒன்று கற்றுக்கொண்டாள். எப்போது நெய்யை நிறுத்துவது, எவ்வளவு வெல்லம் போடுவது, எந்தக் கையை ஓயவிடுவது என்று எல்லாம் பிடிபட்டது. தன்னை அறியாமலே செங்கான்தான் அவளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான்!

கடைசியில் வெறி தலைக்கேறி, திறக்கவே போவதில்லை என்று அடைத்தான். ஈரலாயி பதறி ஓடிவந்தாள்.

"நீ போனா ஊரே போயிரும். விழுந்து தொலையேன்டி!"

"மாட்டேன் அத்தை!"

துடிச்சி நெய்ப்பானையைக் காலால் எட்டி உதைத்தாள். மடியை அவிழ்த்து வெல்லத்தை அடுப்பில் போட்டாள். பெரும்பாலான கைகளைத் தூங்க வைத்தாள். "தூங்குறது வேற, சாகிறது வேற" என்று சொல்லிவிட்டு, மிச்சக் கைகளால் மெல்லத் தள்ளினாள். ஊர் சாகாமல் இருக்க அது போதுமானதாக இருந்தது.

தள்ளுவது குறைந்ததும் செங்கானே தேங்க ஆரம்பித்தான். அவனுக்கு மூச்சு முட்டியது, ஆனாலும் மனசுக்குள் குதூகலம். செத்துத் தொலைந்தாள் என்று நினைத்து, பிணத்தைப் பார்க்கும் ஆசையில் வாய்க்காலைத் திறந்துகொண்டு தானே உள்ளே வந்தான். அவனோடு காற்றும் வந்தது. தூங்கிய கைகள் ஒவ்வொன்றாகச் சோம்பல் முறித்தன.

"வாங்க மாமா! சாவு வீட்டுக்கா வந்தீங்க? இங்க யாரும் சாகல. நெய்யைக் கொண்டாங்க, வேலை கிடக்கு."

செங்கான் வாசல் பக்கம் பின்வாங்கினான்.

"இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. இனி அடைச்சா ஊருக்கே கேக்கிற மாதிரி திட்டுவேன். திட்டியும் திறக்கலேன்னா, வெல்லம் தீந்ததும் நான் செத்துருவேன். நீங்க நின்ன இடத்துலயே நாறுவீங்க. கால்ல மட்டும் விழமாட்டேன்!"

அன்று முதல்தான், ரத்தம் அடிக்கடி குறைந்துபோகும் இதயத் தசை, கொழுப்பைத் தள்ளி வைத்துச் சர்க்கரையை எரித்து, வேலையைக் குறைத்துக்கொண்டு சாகாமல் காத்துக் கிடக்கிறது. அன்று முதல்தான் நெஞ்சும் வலிக்கிறது. துடிச்சி அழுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் திட்டுகிறாள், வெல்லம் தீர்வதற்குள் ஓடிப்போய் வாய்க்காலைத் திறங்கள்!