ஆவுடையப்பன் நிதி ஆலோசகரான கதை

ஆனைமுக்கு பஸ் நிலையத்தில் இறங்கி, ஆடிட்டர் கோமதிநாயகம் ஆபீஸ் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்து, "அந்த மூணு பேரு ஆபீஸா?" என்று சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகுதான் வழி சொல்வார்கள்.

அந்த மூன்று பேர் ஆவுடையப்பன், தளவாய், பிச்சாண்டி. மூவரும் கணக்கர்கள். கணக்கில் புலிகள். வரிக் கணக்கா, வரவு செலவா, கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள், ஒரு பைசா பிசகாது. எண்ணை விட்டு எழுத்துக்கு வந்தால்தான் சிக்கல். யார் எதைச் சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடுவார்கள். ஒருமுறை ஆடிட்டர், "இந்த வழக்கைக் கொஞ்சம் ஆறப் போடுங்க" என்றார். மூவரும் அந்த வழக்கின் காகிதக் கட்டைப் பிரித்து மின்விசிறிக்கு அடியில் பரப்பி வைத்தார்கள். பாதி வழக்கு சன்னல் வழியாகப் போய்விட்டது.

அப்படிப்பட்டவர்களைத்தான் ஒரு நாள் ஆடிட்டர் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இங்க பாருங்கப்பா. கணக்கு எழுதுறத இனிமே கம்ப்யூட்டரே பாத்துக்கிடும். சனங்களுக்கு வேண்டியது யோசனை. எதுல போடணும், எப்ப எடுக்கணும், பிள்ளை படிப்புக்கு என்ன வழி, வயசான காலத்துக்கு என்ன வழி, இதைச் சொல்ல ஆள் வேணும். உங்கள்ல ஒருத்தராவது நிதி ஆலோசகர் சான்றிதழ் வாங்கணும். இல்லேன்னா ஆபீஸைப் பூட்டிட்டு நான் பெங்களூருக்கு மக வீட்டோட போயிருவேன்."

ஆவுடையப்பன் மீசை முளைக்கும் முன்பே இந்த ஆபீஸுக்கு வந்தவர். வேறு வேலை தெரியாது. வேலை போனால் மனைவி பேச்சியம்மாள் அழுவாள். அழுதால் தேற்றிவிடலாம். ஆனால் அவள் அண்ணன், "அதுக்கென்ன மாப்ள, நம்ம சோடா கம்பெனிக்கு வாரும், பாட்டில் கழுவலாம்" என்பான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் காத்துக்கொண்டிருக்கிறான்.

"யாருவே பரீட்சை எழுதுறது?" என்றார் தளவாய்.

பிச்சாண்டி நெடுநேரம் யோசித்தார். "எழுதணும்னா கையெழுத்து நல்லா இருக்கணும். ஆவுடையப்பன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

நியாயமாகப் பட்டது. ஆவுடையப்பனே எழுதுவது என்று முடிவாயிற்று. பரீட்சை கம்ப்யூட்டரில் என்பது பிறகுதான் தெரிந்தது.

பாடப் புத்தகம் வந்தது. செங்கல் கனம். ஆடிட்டர், "இதைக் கரைச்சுக்" என்று தொடங்கி, மூன்று முகங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "படிங்க" என்று மட்டும் சொல்லி, ஓய்வெடுக்கப் பெங்களூருக்கு ரயில் ஏறினார்.

பரீட்சைக்கு முன்னால் ஒரு செய்முறை இருந்தது. நிஜமான குடும்பம் ஒன்றுக்கு நிதித் திட்டம் போட்டு, அந்தக் குடும்பத் தலைவரிடம் திருப்தி என்று கையெழுத்து வாங்க வேண்டும். பாத்திரக்கடை சுடலைமுத்து அண்ணாச்சி ஒப்புக்கொண்டார். அவர் மகள் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. கட்டணத்துக்குக் கொஞ்சம் கையில் இருந்தது. மீதியெல்லாம் குத்துவிளக்காகவும் அண்டாவாகவும் கடையில் தூசி படிந்து நின்றது.

"எம் மக படிப்பை ஒங்க கையில ஒப்படைக்கேன்" என்றார் அண்ணாச்சி.

மூவரும் உடனே தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் பாடத்தைப் பிச்சாண்டி உரக்கப் படித்தார். "அவசரச் செலவுக்கான பணம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்."

"யாரு கைக்கு?" என்றார் தளவாய்.

"அண்ணாச்சி கைக்குத்தான்."

"எப்போதும்னா, குளிக்கும்போது?"

"எப்போதும்னா எப்போதும்தான்வே. குளிக்கும்போது அவசரம் வராதுன்னு எங்க போட்டிருக்கு?"

தையல்காரரிடம் டேப் இரவல் வாங்கி வந்து அண்ணாச்சியின் கையை அளந்தார்கள். குட்டைக் கை. கொஞ்சம் தள்ளி வைத்தாலும் எட்டாது. கடைசியில் ஒரு பித்தளைத் தூக்குவாளியில் பணத்தைப் போட்டு, கயிறு கட்டி, அவர் கழுத்திலேயே தொங்கவிட்டார்கள். பெட்டியில் இருந்த பணம் கழுத்துக்கு வந்ததும் அண்ணாச்சிக்கே ஒரு தெம்பு வந்த மாதிரி இருந்தது.

அன்று ஆடி வெள்ளி. அண்ணாச்சி அம்மன் கோயிலுக்குப் போனார். மார்பில் தூக்குவாளி ஆட ஒருவர் வருவதைக் கண்டதும் சனங்கள் தம்ளரோடு பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள்.

"கூழா அண்ணாச்சி, பானகமா?"

உள்ளே இருப்பது பணம் என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? அண்ணாச்சி வாளிப் பணத்தை மறைவாக எடுத்துக் கொடுத்து, வெல்லமும் எலுமிச்சம்பழமும் வாங்கிவரச் சொல்லி, அதே வாளியில் கரைத்து எல்லோருக்கும் பானகம் ஊற்றிவிட்டு, வேர்த்துப்போய்த் திரும்பினார்.

"பாத்தீரா அண்ணாச்சி" என்றார் ஆவுடையப்பன், உண்மையிலேயே பூரித்துப் போய். "எப்பேர்ப்பட்ட அவசரச் செலவு! பணம் மட்டும் கைக்கெட்டாம இருந்திருந்தா?"

அண்ணாச்சி கயிற்றைக் கழற்றி, வாளியைக் கழுவ எடுத்துப் போனார்.

அடுத்த பாடம் முதலீடு. "முதலீடு செய்யும் முன் சந்தை ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். சந்தை இறங்கும்போது வாங்குவது நல்லது."

ஆனைமுக்கில் சந்தை செவ்வாய்க்கிழமை. மூவரும் கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கிக்கொண்டு விடியும்போதே போய்விட்டார்கள். கருவாட்டுக் கடைப் பக்கம் தரையில் ரசமட்டத்தை வைத்து, மூவரும் குப்புறப் படுத்துக் குமிழியைப் பார்த்தார்கள்.

"ஏறுது" என்றார் தளவாய்.

"நீரு மேக்க நின்னு பாக்கீரு. கிழக்க இருந்து பாரும், இறங்குது" என்றார் பிச்சாண்டி.

"ஒரே சந்தை எப்படிவே ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும்?"

"அதத்தான்வே நிபுணர்களே கணிக்க முடியாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு."

ஆவுடையப்பன் ஒரு எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்தார். அது மெதுவாக உருண்டு கத்தரிக்காய்க் கடைகளை நோக்கிப் போயிற்று. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. எழுந்து நின்று கத்தினார். "சந்தை இறங்குது! சந்தை இறங்குது!"

சந்தைத் திடல் ஒரு காலத்தில் குளமாக இருந்த இடம். பூமி உள்வாங்குகிறது என்று யாரோ அலறினார்கள். அவ்வளவுதான். கூடைகளைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓட்டம். ஓட முடியாத வியாபாரிகள் வந்த விலைக்குத் தள்ளினார்கள். கத்தரிக்காய் கேட்பாரில்லாமல் கிடந்தது. ஆவுடையப்பன் சொன்ன கொஞ்ச நேரத்தில் சந்தை நிஜமாகவே இறங்கிவிட்டது.

"வாங்குவே!" என்றார் தளவாய்.

நர்சிங் கட்டணத்துக்கு அண்ணாச்சி கொடுத்து வைத்திருந்த பணம் முழுவதற்கும் கத்தரிக்காய் வாங்கினார்கள். மாட்டுவண்டி கொள்ளாத மூட்டைகள். பாத்திரக்கடையின் பின்னறையில் இறக்கும்போது பிச்சாண்டி எச்சரித்தார். "பாத்துவே, முதலீட்டுல அடிக்கடி கை வைக்கக் கூடாதுன்னு இருக்கு." அதனால் மூட்டைகளைக் காலாலும் இடுப்பாலும் தள்ளியே உள்ளே ஏற்றினார்கள். கதவைப் பூட்டினார்கள்.

"எப்ப எடுக்கலாம்?" என்றார் அண்ணாச்சி.

"நீண்ட காலம் விட்டு வைக்கணும் அண்ணாச்சி. பொறுமையா இருந்தா தானா வளரும்."

வளர்ந்தது. கதவுக்கு அடியில் புழுவாக வெளியே வந்தது.

நாற்றம் தாங்காமல் அண்ணாச்சி பூட்டை உடைத்த அன்று, "ஏல ஆவுடையப்பா!" என்று அவர் போட்ட சத்தம் பஸ் நிலையம் வரை கேட்டது. ஆவுடையப்பன் ஓடிப் போனார். அறை வாசலில் அண்ணாச்சி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. அது நாற்றத்தால் வந்ததில்லை.

"பாருல. எம் மக படிப்பு அழுகிக் கெடக்கு."

சோடா பாட்டில் கழுவுவது கூட அப்போது ஆவுடையப்பனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அண்ணாச்சியின் மகள் வாசலில் நின்று அழுகிய மூட்டைகளைப் பார்த்ததுதான் தாங்கவில்லை. அப்படியே அண்டா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர், பழக்க தோஷத்தில் சுற்றியிருந்த பாத்திரச் சரக்கைக் கணக்குப் போடத் தொடங்கினார். வாங்கின விலை இவ்வளவு, விற்காமல் நிற்கும் காலம் இவ்வளவு. கணக்கில் அவர் புலி என்று முதலிலேயே சொன்னேனே.

"அண்ணாச்சி, பாதி வெலைக்குக் குடுத்தாக்கூட கட்டணத்துக்கு மேலயே தேறும்."

"நாறுற கடைக்கு எவன் வருவான்?"

"உள்ளதைச் சொல்லிருவோம்" என்ற ஆவுடையப்பன், தன் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு பலகை எழுதி வெளியே வைத்தார். 'நாற்றம் போகும்வரை பாதி விலை.'

முதலில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தது. ஆவணி முகூர்த்தங்கள் வரிசையாக நின்ற நேரம். நாற்றம் குறைகிறது என்று செய்தி பரவியதும் பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து ஓடிவந்தார்கள். கடையில் குத்துவிளக்கு ஒன்று மிஞ்சவில்லை. அண்ணாச்சி கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்து, திருப்தி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

பரீட்சை திருநெல்வேலியில். மூவரும் போனார்கள். மண்டப வாசலில் ஒரு பலகை. 'கைப்பேசியை அணைத்து வைக்கவும்.' ஆவுடையப்பன் தன் கைப்பேசியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

மேற்பார்வைக்கு நின்ற அம்மாள், "என்ன சார் இது?" என்றார்.

"அணைச்சு வச்சிருக்கேன் மேடம்."

"அப்படின்னா வெளிய வச்சிட்டு வாங்க."

அவர் வெளியே வந்து தளவாயிடம் கொடுத்தார். தளவாய் தன்னுடையதையும் சேர்த்து இரண்டையும் அணைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். கை சோர்ந்தபோது பிச்சாண்டி அணைத்தார். காவலாளி வந்து விசாரித்துவிட்டு, பயந்துபோய்த் தன்னுடையதையும் எடுத்து அணைத்துக்கொண்டார்.

உள்ளே ஆவுடையப்பன், கேட்ட கேள்விக்கு மட்டும் கம்ப்யூட்டரில் பதில் தட்டினார். ஒரு வார்த்தை கூடுதல் இல்லை, ஒரு வார்த்தை குறைவில்லை. தன் சொந்தக் கருத்து எதையும் எங்கேயும் நுழைக்கவில்லை. சொந்தக் கருத்து என்று அவரிடம் ஒன்றும் இல்லை. திருத்தியவர்களுக்கு அது மிகவும் பிடித்துப் போனதாகக் கேள்வி.

சான்றிதழ் வந்த நாளில் அவர் பரமசிவம் சலூனில் முடிவெட்டிக்கொண்டிருந்தார். கூரியர்காரர் அங்கேயே தேடிவந்து கொடுத்தார். பெயர், முத்திரை, எல்லாம் பளபளவென்று. ஆவுடையப்பன் எழுந்து நின்று அழுதே விட்டார். தளவாய் அதை வாங்கி, சலூன் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியின் சட்டத்தில் செருகி, கும்பிட்டார். பிச்சாண்டிதான் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார்.

"'இச்சான்றிதழ் மாற்றத்தக்கதல்ல.'"

தளவாய் சட்டத்தின் மேல் இருந்த கையைச் சட்டென்று எடுத்தார்.

"நல்லவேளை" என்றார் தளவாய். "ஆபீஸுக்குத் தூக்கிட்டுப் போகலாம்னு இருந்தேன்."

அன்று முதல் ஆவுடையப்பன் சலூனிலேயே யோசனை சொன்னார். முடிவெட்ட வந்தவர்கள் காப்பீடு எடுத்தார்கள். காப்பீடு கேட்க வந்தவர்கள், வந்தது வந்தோம் என்று முகம் மழித்துக்கொண்டார்கள்.

ஆடிட்டர் ஊருக்குத் திரும்பியவர், ஆபீஸ் பூட்டியிருப்பதைக் கண்டு, சிரித்தவர்களிடம் வழி கேட்டுச் சலூனுக்கு வந்து சேர்ந்தார். சான்றிதழைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. விவரம் கேட்டார். முகம் கூம்பியது.

"மாத்தக் கூடாதுன்னா வேற ஆளு பேருக்கு மாத்தக் கூடாதுன்னு அர்த்தம்டா! இடத்தைத் தாராளமா மாத்தலாம். மொதல்ல இந்த இடத்தை மாத்துங்க!" என்று கத்திவிட்டு, ரயிலில் வந்த களைப்பும் தாடியுமாக அங்கிருந்த மர நாற்காலியில் சாய்ந்தார். "பரமசிவம், நீ சவரத்தைப் பண்ணு."

பரமசிவம் வெள்ளைத் துணியைக் கட்டி, முகம் முழுக்க நுரை பூசி, ஒரு கன்னத்தில் கத்தியை வைத்தார்.

மூவரும் மூலையில் கூடிப் பேசினார்கள்.

"இடத்தையேவா மாத்தச் சொல்லுதாரு?"

"'இந்த இடத்தை'ன்னாரே. கேட்டீருல்லா?"

"கேட்டேன். தாராளமான்னும் சொன்னாரு."

தளவாயும் பிச்சாண்டியும் நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஆடிட்டரோடு தூக்கினார்கள். ஆவுடையப்பன் சான்றிதழ் செருகியபடியே கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றி, ஆடிட்டர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தார். பெஞ்சில் முறைக்குக் காத்திருந்தவர்கள், முறை போய்விடக் கூடாதே என்று பெஞ்சைத் தூக்கிக்கொண்டு அதே வரிசையில் பின்னால் வந்தார்கள். பாதியில் விட்ட வேலையைப் பரமசிவத்தால் விட முடியவில்லை. நாற்காலி போகிற வேகத்துக்கு ஓட்டமும் நடையுமாக மற்ற கன்னத்தை மழித்துக்கொண்டே வந்தார்.

வெள்ளைத் துணியும் வெள்ளை முகமுமாக யாரோ மகான் எழுந்தருளுகிறார் என்று பஜார் முழுக்க எழுந்து நின்றது. ஒருவர் நாற்காலிக்கு முன்னால் தேங்காய் உடைத்தார். ஆடிட்டர் கண்ணை உருட்டி ஏதோ சொல்லப் பார்த்தார்.

"வாயைத் திறந்துராதிய ஐயா" என்றார் பரமசிவம். "கத்தி மீசைகிட்ட இருக்கு. அருள்வாக்கெல்லாம் ஆபீஸ் போயிச் சொல்லிக்கிடலாம்."